நால்வர் சுமந்த கட்டில்

காலை ஏழு மணியளவில் சாத்தூரிலோ சிவகாசியிலோ பேருந்துக்காகக் காத்து நிற்போர் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. பட்டாசு ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகள் ஒருபுறம். வெள்ளைச் சீருடை அணிந்து, சோற்றுப் பாத்திரமும் பயிற்சிக் குறிப்பேடும் தாங்கி நிற்கும் செவிலியர் மாணவியர் மறுபுறம். சில இல்லங்களில் தாய் முதல் வண்டியிலும் மகள் இரண்டாம் வண்டியிலும் ஏறிச் செல்வதுண்டு. தாய் செல்வது மருந்தறைக்கு. மகள் செல்வது மருத்துவமனைக்கு. வெடிமருந்துக்கும் நோய்தீர்க்கும் மருந்துக்கும் ஒரே சொல்லை வழங்கும் நம் வட்டாரத்தில், இவ்விரு வழிகளும் ஒரே வீட்டு வாசலிலிருந்து பிரிவது வியப்பன்று.

"பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வேலை பழகப் போகிறாள்" என்று பெற்றோர் பெருமையுடன் கூறுவர். அவள் என்ன பழகுகிறாள் என்று கேட்டால், ஊசி போட, கட்டுக் கட்ட, இரத்த அழுத்தம் பார்க்க என்று விடை வரும். இவையெல்லாம் உண்மையே. எனினும், 'போஸ்டிங்' என்று மாணவியர் வழங்கும் இப்பயிற்சிக் காலத்தில் அவள் கற்க வேண்டிய பாடம் இன்னொன்று உண்டு. அதற்குத் தனிப் பாடநூலில்லை. பிறரோடு சேர்ந்து ஒரு நோயாளியைத் தாங்குவது எப்படி என்பதே அப்பாடம். அதனைக் குறித்துச் சற்றுச் சிந்திப்போம்.

மருந்தறை கற்பித்த பாடம்

வேலை பழகச் சென்றதனால் பிறந்த ஊர் என்றே சிவகாசியைச் சொல்லலாம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்த இருவர் கற்று வந்த கல்வி, வானம் பார்த்த கரிசல் பூமிக்குப் பிழைப்பளித்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன.

அத்தொழில் ஒரு கண்டிப்பையும் கூடவே கொண்டு வந்தது. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்படவேண்டும். அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். உடலில் தங்கும் மின்னூட்டத்தை உள்ளே நுழையுமுன் இறக்கிவிட வேண்டும். இவ்விதிகளெல்லாம் ஒருவர் கைப்பிழையால் பலர் மாளாதிருக்கவே ஏற்பட்டவை. அவை மீறப்படும்போது நேரும் விலையை நாமறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டன. உதவ ஓடியவர்களும் பார்க்க ஓடியவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோரை இழந்தோம்.

எனவே, கூட்டாக வேலை செய்வதென்றால் என்னவென்று நம் மக்களுக்கு யாரும் மேடை போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒருவர் உயிர் மற்றவர் கவனத்தில் தங்கியிருக்கிறது என்பதை மருந்தறை ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கற்பிக்கிறது. அதே பாடம் மருத்துவமனையில் வேறு உருவில் நம் பிள்ளைகளை எதிர்கொள்கிறது.

ஒரு கணக்கும் ஒரு கேள்வியும்

தீக்காயமுற்ற ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். அவர் எடை 60 கிலோ. உடலின் எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்பதை மருத்துவர் முதலில் மதிப்பிடுவார். வளர்ந்தவர்க்கு ஒரு கை முழுவதும் நூற்றில் 9 பங்கு, ஒரு கால் முழுவதும் 18 பங்கு, மார்பும் வயிறும் சேர்ந்து 18 பங்கு என்பது பல காலமாக வழங்கும் அளவை. இவருக்கு 30 பங்கு வெந்திருப்பதாகக் கொள்வோம்.

வெந்த உடலிலிருந்து நீர் விரைந்து வெளியேறுவதால், நரம்பு வழியே திரவம் ஏற்றியாக வேண்டும். எவ்வளவு ஏற்றுவது? எடையையும் வெந்த பங்கையும் நான்கையும் பெருக்குவது உலகெங்கும் வழங்கிவரும் கணக்குகளுள் ஒன்று. 60, 30, 4 ஆகியவற்றைப் பெருக்கினால் 7,200 மில்லி லிட்டர் வரும். இது முதல் 24 மணி நேரத்துக்கு உரியது. இதில் பாதியாகிய 3,600 மில்லி லிட்டரை முதல் 8 மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும்.

எந்த எட்டு மணி நேரம் என்பதே இங்குள்ள நுட்பம். மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணலாகாது. தீப்பட்ட நேரத்திலிருந்தே எண்ண வேண்டும். விபத்து நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்தவருக்கு மீதி ஆறு மணி நேரமே உண்டு. ஆகவே மணிக்கு 600 மில்லி லிட்டர் ஏறவேண்டும். வந்த நேரத்தைத் தொடக்கமாக எண்ணிவிட்டால் மணிக்கு 450 மட்டுமே ஏறும்.

தீப்பட்ட நேரத்தை அறிந்தவர் யார்? மருத்துவர் அறியார், செவிலியர் அறியார், நோயாளி சொல்லும் நிலையில் இரார். உடன் வந்த தொழிலாளியோ, 108 வண்டியின் பணியாளரோதான் அறிவார். அவரிடம் அதைக் கேட்டுத் தெரிந்து, உரியவரிடம் சேர்க்க ஒருவர் வேண்டும். பிறகு, ஏற்றிய திரவம் போதுமா என்பதைச் சிறுநீரின் அளவு காட்டும். அதனை மணிக்கொருமுறை அளந்து எழுதுபவர் செவிலியர். அந்த எண்ணைப் பார்த்தே மருத்துவர் கணக்கைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இவ்வாறு, மருத்துவரின் கணக்கு வண்டிக்காரரின் சொல்லில் தொடங்கிச் செவிலியரின் குறிப்பில் முடிகிறது. இடையில் ஒரு வாய் மூடியிருந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

மூன்று நாள் கண்ட தலையணை

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்குக் கூறுவோம். ஊர், பெயர், மருத்துவமனை ஆகியவை வேண்டா. தாய் பல ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துபவர். மகள் செவிலியர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவி. தீக்காயப் பிரிவில் அவளுக்குப் பயிற்சி.

அங்கே கழுத்தும் மார்பும் வெந்த ஒரு பெண் படுத்திருந்தார். துணைக்கு இருந்தவர் அவருடைய வயது முதிர்ந்த அத்தை. கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தல் ஆகாது. தலை முன்னோக்கிச் சாய்ந்தே கிடந்தால், புண் ஆறும்போது தோல் சுருங்கி மோவாயை மார்போடு இழுத்துவிடும். காலையில் இயன்முறை மருத்துவர் வருவார், தலையணையை அகற்றுவார், கழுத்தை நிமிர்த்திப் பயிற்சி தருவார், அடுத்த பிரிவுக்குச் சென்றுவிடுவார். நண்பகலில் அத்தை தம் சேலையை மடித்துத் தலைக்கு வைப்பார். "பிள்ளை கழுத்து வலிக்குதுங்குறா" என்பது அவர் நியாயம். மாலையில் வேறு செவிலியர் பொறுப்பேற்பார். அவருக்கு முப்பது கட்டில்கள்.

நாள் முழுவதும் அக்கட்டிலருகே இருந்தவள் மாணவி ஒருத்தியே. ஆகவே, காலையில் போன தலையணை நண்பகலில் திரும்பி வருவதை அவள் மட்டுமே கண்டாள். ஆனால் சொல்லவில்லை. 'நாம் படிக்க வந்தவர்கள், மூத்தவர்கள் அறியாததா?' என்று எண்ணினாள். வயது முதிர்ந்த அத்தையிடம் நேராகச் சொல்லவும் கூச்சம்.

மூன்றாம் நாள் இரவு சோறு உண்ணும்போது தாயிடம் சொன்னாள். தாய் கேட்டார்: "கண்ணுல பட்டுருச்சுல்ல? ஏன் சொல்லல?"

"நான் சின்னவம்மா. எல்லாரும் பெரியவங்க."

"எங்க ரூமுல நாலு பேரு, தாயி. மருந்து சிந்துறத ஒருத்தி பாத்துட்டா, மூத்தவ இளையவன்னு யோசிக்க மாட்டா. சொல்லிருவா. சொல்லாம இருந்தா நாலு பேரும் போயிருவோம்."

மறுநாள் காலை, இரவுப் பணியினர் பகற்பணியினரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வேளையில், மாணவி தலைமைச் செவிலியரிடம் சென்றாள். "சிஸ்டர், அந்த அக்காவுக்குத் தலையணை எடுத்த பிறகும் திரும்ப வைக்கிறார்கள்" என்றாள்.

"எத்தனை நாளாகப் பார்க்கிறாய்?"

"மூன்று நாளாக, சிஸ்டர்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அம்மா."

கடிந்துகொண்டது அவ்வளவே. தலைமைச் செவிலியர் இயன்முறை மருத்துவரையும் அந்த அத்தையையும் கட்டிலருகே ஒருங்கே நிறுத்தினார். தலையணை ஏன் கூடாதென்று முதன்முறையாக அம்முதியவருக்கு விளக்கப்பட்டது. தலைக்குக் கீழிருந்த மடித்த துணி தோள்களுக்குக் கீழ் போயிற்று. அன்று முதல் அந்த அத்தையே காவலரானார். பார்க்க வந்த உறவினர் ஒருவர் பரிவோடு தலையணை கொண்டுவந்தபோது, வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்!

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்நிகழ்ச்சியில் தீயவர் எவருமில்லை. இயன்முறை மருத்துவர் தம் பணியைச் செய்தார். செவிலியரும் செய்தார். அத்தையின் அன்பில் குறையில்லை. ஒவ்வொருவரும் நல்லவராக இருந்தும், ஒருவரறிந்தது மற்றவரைச் சேராமையால் நோயாளிக்குத் தீங்கு நேரவிருந்தது. நல்ல மனமும் கடின உழைப்பும் இருந்தாலும், அறிந்ததை உரிய வேளையில் உரியவரிடம் சொல்லாவிடில் அங்கே கூட்டுப்பணி என்பதில்லை.

நா எழாத காரணம்

பெரியோர் முன் வாய் திறவாமை நம் இல்லங்களில் நற்பண்பாகப் போற்றப்படுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது இரட்டிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. மருத்துவமனையிலும் படிநிலைகள் உண்டு. மருத்துவர், தலைமைச் செவிலியர், செவிலியர், மாணவி, ஆயாம்மா என்று அது இறங்கிச் செல்லும். படியின் அடியில் நிற்பவர்க்கே நோயாளியோடு அதிக நேரம் கிடைக்கிறது. அவர் சொல்லுக்கே குறைந்த மதிப்புக் கிடைக்கிறது. இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

உலக நலவாழ்வு நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் அறுவைச் சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 குறிப்புகள். மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையை விட்டு நீங்குமுன் என மூன்று வேளைகளில் அனைவரும் நின்று அவற்றை வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். அக்குறிப்புகளுள் ஒன்று, அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது. இதென்ன சிறுபிள்ளைப் பாடம் என்று தோன்றலாம். ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்தவர், தவறு கண்டபோது மீண்டும் வாய் திறக்கத் தயங்கார் என்பதே அதன் உட்பொருள். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இப்பட்டியலைக் கையாண்டு பார்த்தனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தன; சிக்கல்கள் 11 என்பதிலிருந்து 7 ஆகக் குறைந்தன. இம்முடிவு 2009-ஆம் ஆண்டு வெளியாயிற்று. புதிய கருவி ஒன்றும் வாங்கப்படவில்லை. ஒரு தாளும், ஒருவரோடொருவர் பேசும் பழக்கமுமே சேர்ந்தன.

சேர்ந்து கற்றல்

சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் சேர்ந்தே கற்க வேண்டும் என்னும் எண்ணம் இதனோடு தொடர்புடையது. சுவீடன் நாட்டின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனைப் பிரிவையே மாணவர் பயிற்சிக்கென ஏற்படுத்தியது. அங்கே மருத்துவ மாணவரும், செவிலியர் மாணவரும், இயன்முறை மாணவரும் ஒரே குழுவாக, ஆசிரியர் மேற்பார்வையில், நோயாளிகளைக் கவனித்தனர். ஒருவர் வேலையின் கடினத்தை மற்றவர் கண்ணால் கண்டறிந்தால், பிற்காலத்தில் அவரை ஏவலாளாக நினைக்கத் தோன்றுமா?

நம் தமிழகத்திலும் இதற்கு வித்து நெடுநாளைக்கு முன்பே ஊன்றப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். சாலையோரங்களில் வண்டியை நிறுத்தி, மரத்தடியில் நோயாளிகளைக் கவனிக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். மரத்தடியில் தனித்தனி அறைகள் ஏது? அவரவர் வேலையை மற்றவர் கண்ணெதிரே செய்தாக வேண்டும்.

நோயாளியின் துன்பம் ஒருவர் கையில் அடங்காது என்பதைத் தம் வாழ்வாலேயே உணர்ந்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அவர் முதலில் செவிலியராகப் பயின்றார். முதுகுவலியால் அப்பணியை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பின்னர் 1957-இல் மருத்துவரானார். மூன்று படிகளிலும் நின்று பார்த்த அவர், 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தபோது, உடல்வலி, மனத்துயர், குடும்பக் கவலை, ஆன்ம வேதனை ஆகிய அனைத்தையும் ஒரு குழுவாகச் சேர்ந்து தணிக்கும் முறையை வகுத்தார். மூன்று பணிகளையும் தாமே கற்க நம்மில் எல்லாராலும் இயலாது. மற்ற இரண்டையும் செய்பவரிடம் செவி சாய்க்க எல்லாராலும் இயலும்.

இன்று நம் மாவட்டத்துக்கும் இவ்வாய்ப்புகள் வந்துள்ளன. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் விருதுநகர்க் கல்லூரியும் ஒன்று. மருத்துவ மாணவர் தம் முதலாண்டு முதலே கிராமக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்து, அவற்றின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்னும் முறையும் 2022 முதல் நாடெங்கும் வந்துள்ளது. ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற கிராம சுகாதாரச் செவிலியரின் துணையின்றி, பட்டணத்துப் பிள்ளை ஒருவர் அக்குடும்பங்களின் உள்ளத்தை எட்டுவது எளிதன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அவ்வூரைச் சேர்ந்த பெண் தன்னார்வலரும், இயன்முறை மருத்துவரும், ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் படுக்கையிலுள்ளோரை இல்லம் தேடிச் செல்கின்றனர். படிநிலை மங்கி, பணி மட்டும் தெளிவாகத் தெரியும் இடம் இத்தகைய வீட்டு வாசலே.

இல்லங்கள் செய்யக்கூடியவை

பயிற்சிக்குச் செல்லும் மாணவரை ஊதியமில்லாத கையாளாக நடத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நாள் முழுவதும் ஒரே வேலையை ஏவுவது, குறிப்பேட்டில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவது, தவறினால் நோயாளி முன்னிலையிலேயே ஏசுவது ஆகியவை கற்பிக்கும் பாடம் ஒன்றே: வாய் திறவாதிருப்பதே பிழைக்கும் வழி. மேற்பார்வையாளராக இருக்கும் நம் மக்கள் இதனைச் சிந்திப்பார்களாக. நாள் முடிவில் ஐந்து நிமிடம் மாணவரை அமர்த்தி, "இன்று நாங்கள் காணாத எதை நீ கண்டாய்?" என்று கேட்டால் போதும். மருத்துவமனைக்கு அது பல கண்களைத் தரும்.

பெற்றோருக்கும் ஒரு பங்குண்டு. மாலையில் திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை ஊசி போட்டாய்?" என்பதோடு நிறுத்தற்க. "இன்று உனக்கு யார் உதவினார்? நீ யாருக்கு உதவினாய்? சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தது ஏதேனும் உண்டா?" என்றும் கேளுங்கள். நோயாளியின் பெயரையும் ஊரையும் கேளாதீர்கள். அவை பிறர் இரகசியம். பிள்ளை கூட்டித் துடைத்ததாகச் சொன்னால் முகம் சுளியாதீர்கள். தீக்காயப் பிரிவில் தரையைத் துடைப்பவரின் கவனம், புண்ணில் கிருமி சேராமல் காக்கும் கவனங்களுள் ஒன்றாகும். அந்த ஆயாம்மாவைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழைக்கக் கற்ற பிள்ளை பாதிப் பாடத்தைக் கற்றுவிட்டது.

நாமும் இக்குழுவில் சேர்ந்தவர்களே. தீப்பட்டவரைக் கண்டால், எரிவதை அணைத்த பின், காயத்தின்மீது இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுதல், பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதையும் பூசாதிருத்தல், சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல், தீப்பட்ட நேரத்தை நினைவில் வைத்துச் சொல்லுதல் ஆகிய நான்கும் நம் பொறுப்பு. மருத்துவரின் கணக்கு நம் வாய்ச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது என்பதை மேலே கண்டோம்.

முடக்குவாதமுற்றவரை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்து, கூட்டத்தின் காரணமாக உள்ளே நுழைய இயலாமல், கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கிய நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அந்நால்வரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்களுள் யார் மூத்தவர், யார் இளையவர் என்பதும் தெரியாது. ஒரு மூலையை ஏந்தியவர் சற்று விரைந்து இறக்கியிருந்தால், கட்டில் சாய்ந்து நோயாளி விழுந்திருப்பார். 'மெல்ல, மெல்ல' என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இறக்கியிருக்க வேண்டும்.

நாளைக் காலையிலும் அவ்விரு வண்டிகள் வரும். தாயும் மகளும் ஏறிச் செல்வார்கள். மருந்தறையில் நால்வருள் ஒருவராகத் தாய் அமர்வார். மருத்துவமனையில் கட்டிலின் ஒரு மூலையை மகள் பற்றுவாள். கண்டதைச் சொல்லும் துணிவை அவளுக்கு இல்லம் தந்து அனுப்பட்டும். அவள் சொல்வதைக் கேட்கும் செவியை மருத்துவமனை தரட்டும்.